மாதா மேசையில் ஒரு ஃபைட்டர்

எங்கள் வீட்டில் உயிருள்ள எதையும் என் பொறுப்பில் விடக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அநியாயமான சட்டம் என்று சொல்லமாட்டேன். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வளரும் என்கிற மணி பிளான்ட் கொடியை நான் தண்ணீர் ஊற்றியே அழுகவைத்தேன். லவ் பேர்ட்ஸ் சோடி ஒன்று வாங்கினேன். கூட்டைக் கழுவுவோம் என்று கதவைத் திறந்த உடனே இரண்டும் காதலை மறந்து ஆளுக்கொரு திசையில் பறந்துவிட்டன. ஒரு கிறிஸ்மஸ் காலையில் நாங்கள் செபம் சொல்லும் மாதா மேசையில் விளக்குக் கொளுத்தப் போய், பக்கத்தில் தொங்கிய ஜன்னல் சீலையையும் சேர்த்துக் கொளுத்திவிட்டேன். அன்றிலிருந்து அந்த மேசைப் பக்கம் நான் நெருப்புப் பெட்டியோடு போவதை மாமி தடைசெய்துவிட்டார்.

மாமி என்றால் மனைவியின் அம்மா. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையின் கடைசியில் இருக்கும் வீடு அவருடையது. நான் கலியாணம் முடித்த கையோடு ஒரு சூட்கேசையும் நாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே குடிவந்தவன். ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்ட் ஒன்றில் லொறிகளுக்குக் கயிறு கட்டுவது என் வேலை. பள்ளிக்கூடமும் நானும் ஏழாம் வகுப்பில் ஒருவரை ஒருவர் மன்னித்துப் பிரிந்துகொண்டோம். கயிறு கட்டுவதில் மட்டும் நான் கெட்டிக்காரன். நான் போட்ட முடிச்சை நானே அவிழ்க்க முடியாமல் கத்தி தேடிய நாட்களும் உண்டு.

இப்படிப்பட்ட என்னிடம்தான் மச்சான் தன் ஃபைட்டர் மீனை விட்டுவிட்டுப் போனான்.

மச்சான் மனைவியின் தம்பி. வெள்ளவத்தையில் ஒரு மீன் கடையில் வாங்கிய மீன் அது. நீல உடம்பு, சிவப்பு வால். விரல் நீளம்தான் இருப்பான், ஆனால் வாலை விரித்தால் கலியாண வீட்டுக்குப் போகிற பொம்பிளையின் சாரி முந்தானை மாதிரி இருக்கும். மச்சான் அவனை ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியில் போட்டு, மாதா மேசையின் ஓரத்தில் வைத்திருந்தான். பூனை ஏறாத, யாரும் தேத்தண்ணிக் கோப்பை வைக்காத ஒரே இடம் வீட்டில் அதுதான். அந்த மேசையில் மீன் தொட்டி வைக்க மாமியிடம் அனுமதி வாங்கக்கூடிய ஒரே ஆளும் மச்சான்தான். நான் கேட்டிருந்தால் என்னையும் சேர்த்துத் தொட்டியில் போட்டிருப்பார்.

கட்டாரில் வேலை கிடைத்து மச்சான் புறப்பட்ட அன்று, எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்தான்.

"அத்தான், உங்கள நம்பித்தான் இவன விட்டுட்டுப் போறன்."

"இவர நம்பியா?" என்றார் மாமி. "பேசாம இப்பவே பொரிச்சுத் திண்டுட்டுப் போ மகன். அங்க போய் செத்த செய்தி கேட்டு அழத் தேவல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏனென்றால் நல்ல பகிடி. ஆனால் உள்ளே எனக்குச் சுருக்கென்றது. இந்த ஒன்றையாவது உயிரோடு வைத்துக் காட்ட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். மச்சான் படியிறங்கும்போது ஒரு தவணையும் சொல்லிவிட்டுப் போனான். அவன் தங்கும் இடத்தில் நெட் மோசம், குரல் மட்டும்தான் வரும். ஆனால் ஒக்டோபரில் மாதா எங்கள் வீட்டுக்கு வருகிற அன்று, நல்ல நெட் உள்ள கூட்டாளி வீட்டுக்குப் போய் வீடியோவில் வருவான். செபமாலையும் சொல்வான், மீனையும் பார்ப்பான்.

எங்கள் ஒழுங்கையில் ஒக்டோபர் மாதம் முழுக்க மாதா சுரூபம் பின்னேரங்களில் ஒவ்வொரு வீடாகப் போகும். கண்ணாடிப் பெட்டிக்குள், சின்ன பல்புகள் சுற்றி எரிய, பாட்டுப் பாடிக்கொண்டு தூக்கி வருவார்கள். அன்று அந்த வீட்டில் ஒழுங்கையே கூடிச் செபமாலை சொல்லும். பிறகு கடலையும் தேத்தண்ணியும். மறுநாள் மாதா அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

மச்சான் போன பிறகு கட்டாரிலிருந்து வொய்ஸ் மெசேஜ் வரத் தொடங்கியது. எழுதி அனுப்பினால் நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மீன் வயதுக்கு வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். பைப் தண்ணியை அப்படியே ஊற்றக் கூடாது, அதில் குளோரின் இருக்கிறது, போத்தலில் பிடித்து ஒரு நாள் வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்றான். காய்ந்த கொட்டம்பா இலை ஒன்றைத் தண்ணீரில் போடு, தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வரும், ஃபைட்டருக்கு அதுதான் மருந்து என்றான். இடைக்கிடை சவரக் கண்ணாடியைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடி, தன்னையே வேறொரு மீன் என்று நினைத்துச் செட்டையை விரித்துச் சண்டைக்கு வருவான், அதுதான் அவனுக்கு உடற்பயிற்சி என்றான்.

கொட்டம்பா இலைக்குப் பஞ்சமில்லை. எங்கள் யார்ட் கேட்டுக்குப் பக்கத்தில் அகலமான இலைகளோடு ஒரு பெரிய கொட்டம்பா மரம் நிற்கிறது. நான் குனிந்து குனிந்து நல்ல இலையாகப் பார்த்துப் பொறுக்குவதைக் கண்டு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் பகல் சாப்பாட்டுக்குத் தட்டு இல்லையா என்று கேட்டார்.

தண்ணீர்ப் போத்தல்களை நான் மாதா மேசைக்குக் கீழே அடுக்கினேன். அங்கேதான் மாமியின் தீர்த்தப் போத்தல்களும் இருந்தன. எல்லாம் ஒரே ஜாதிச் சோடாப் போத்தல். ஒரு நாள் மாமி அவசரத்தில் என் போத்தலை எடுத்து, வீடு முழுக்கத் தெளித்து, காய்ச்சலாக இருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெற்றியிலும் பூசி அனுப்பினார். மறுநாள் பிள்ளை எழும்பி விளையாடியது. நான் வாய் திறக்கவில்லை. என் போத்தல்களில் மட்டும் சிவப்பு டேப் ஒட்டிவைத்தேன்.

சாப்பாட்டுக்கு நுளம்புக் குடம்பி, தேங்கிய தண்ணீரில் நெளிகிற அந்தப் புழு, நல்லது என்று இன்னொரு மெசேஜ் வந்தது. கொழும்பில் டெங்கு பார்க்க வருகிறவர்கள் சிரட்டையில் ஒரு குடம்பி கண்டாலும் வழக்குப் போடுவார்கள். ஊர் முழுக்க நுளம்பை ஒழிக்கிறது, நான் மட்டும் அதைத் தேடி அலைகிறேன். கடைசியில் யார்டில் ஒரு பழைய டயருக்குள் கண்டுபிடித்து, ஜாம் போத்தலில் மூடிக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் ஒரு பொலிஸ்காரர் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். கஞ்சா கொண்டுபோகிறவன்கூட அப்படி வியர்த்திருக்க மாட்டான்.

பாடு வீண்போகவில்லை. நான் கிட்டப் போனால் ஃபைட்டர் ஓடி வருவான். விரலைக் காட்டினால் பின்னாலேயே வருவான். சவரக் கண்ணாடியைப் பிடித்தால் செவுள் இரண்டையும் குடை மாதிரி விரித்து, முழு உடம்பையும் வளைத்து முறைப்பான். கண்ணாடியை எடுத்த பிறகு மிச்சக் கோபத்தில் என்னையும் ஒருமுறை முறைப்பான். வீட்டில் என்னை முறைக்கிற மூன்றாவது ஆள். ஆனால் இவன் மட்டும்தான் நான் வேலையால் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படி ஒக்டோபர் வந்தது. எங்கள் வீட்டு முறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமி சேலையை இழுத்துச் சொருகினார். மாதா வருகிற வீடு என்றால் சும்மாவா. சுவர் கழுவினார். மேசைச் சீலையை நீலம் போட்டு வெளுத்தார். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தார். நான் வேலையால் வந்து பார்க்கிறேன், மேசை ஓரத்தில் மீன் தொட்டியும் பளபளவென்று இருக்கிறது. தேத்தண்ணி நிறத் தண்ணீரைக் காணவில்லை. கொட்டம்பா இலையைக் காணவில்லை. சுத்தமான வெள்ளைத் தண்ணீருக்குள் ஃபைட்டர் ஒரு மூலையில், செட்டையைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

"சாக்கடையில கிடந்தது பாவம்," என்றார் மாமி பெருமையோடு. "மாதா வரக்குள்ள இப்பிடி ஒரு ஊத்தத் தண்ணிய பக்கத்தில வைக்க ஏலுமா? அதுதான் கழுவி விட்டன்."

என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

"பைப் தண்ணி. நாங்க குடிக்கிறதுதானே. இவர் என்ன, பெரிய துரையா?"

மாமியோடு சண்டை பிடிக்கிற தைரியம் எனக்கு எந்த நாளும் இருந்ததில்லை. உடனே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சிவப்பு டேப் போத்தலில் இருந்து ஊற்றினேன். ஆனால் அடுத்த நாள் அவன் அடியில் படுத்துவிட்டான். வாலின் ஓரம் நனைந்த கடதாசி மாதிரிப் பிய்ந்துகொண்டு வந்தது. மூச்சு எடுக்க மட்டும் மேலே வந்து, திரும்பக் கல் மாதிரிக் கீழே போவான். சவரக் கண்ணாடியைப் பிடித்தேன். திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பயம் தந்தது. சண்டையை விட்ட ஃபைட்டரைவிடப் பொரித்த சாளை மீனில் அதிகம் உசார் இருக்கும்.

செய்தி ஒழுங்கையில் பரவியது. மாமி தொட்டி கழுவிய கதை அதில் இல்லை. மருமகன் வளர்த்த மீன் சாகப் போகிறது என்பது மட்டும்தான் இருந்தது. கடைக்காரர் பாண் சுற்றித் தரும்போது துக்கம் விசாரித்தார். மாமியே வாசலில் நின்று யாரிடமோ, "அவர்ட கை அப்பிடி, என்ன செய்றது," என்று சொல்வது என் காதில் விழுந்தது.

மனைவி மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள், "நீங்க நல்லாத்தான் பாத்தீங்க. எனக்குத் தெரியும்." அவள் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது அபூர்வம். ஆள் பிழைக்க மாட்டான் என்றால்தான் இப்படிப் பேசுவாள். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறி, மச்சான் வாங்கிய அதே கடைக்குப் போனேன். போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். கடைக்காரர் சிங்களவர். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"மல்லி, தாம மெரிலா நே," என்றார். இன்னும் சாகவில்லை என்பது அவருடைய டொக்டர் முடிவு. பிறகு சிரித்துக்கொண்டே ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் நீல உடம்பும் சிவப்பு வாலுமாக இன்னொரு ஃபைட்டர். அச்சு அசல். இதைக் கொண்டுபோய் வை, வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு என்ன தெரியப் போகிறது என்றார் சிங்களத்தில்.

பொய் சொல்லமாட்டேன், கை நீண்டது. போத்தலை வாங்கிப் பார்த்தேன். நல்ல துடிப்பான மீன். என் முகத்தைக் கண்ட உடனே முறைத்தது. மாமிக்கும் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது. ஆனால் வீட்டில் கிடக்கிறவன் விரலுக்குப் பின்னால் வருகிறவன். அவன் செத்தாலும் அவன்தான். அதோடு, ஒரு மீனை உயிரோடு வைத்துக் காட்டுகிறேன் என்று இன்னொரு மீனைக் காட்டினால், சிரிக்க வேண்டிய ஆள் நான்தான். போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எப்பா அய்யே," வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் நான் லொறிக்குக் கட்டிய கயிறுகளைப் பற்றி யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது. மனம் முழுக்கத் தொட்டியில் இருந்தது. காலையும் பின்னேரமும் பாதித் தண்ணீரை மாற்றினேன். சமையல் உப்பில் ஒரு சிட்டிகையைத் தனியாகக் கரைத்து விட்டேன். யார்ட் மரத்தடியில் இருந்ததிலேயே அகலமான கொட்டம்பா இலையைக் கழுவிப் போட்டேன். ஃபேன் காற்றுப் படாமல் தொட்டியைச் சுற்றி நான் உடுக்கிற சாரத்தைக் கட்டினேன். கயிறு கட்டுகிறவன் கட்டிய கட்டு. புயல் அடித்தாலும் அவிழாது. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து என்னிடம் தந்து, தொட்டியைப் பார்த்துவிட்டு, "இவர் ஏற்கனவே குடிச்சிட்டார் போல," என்றாள். திரும்ப பகிடி விடத் தொடங்கிவிட்டாள். அது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

வால் பிய்வது நின்றது. ஆனால் ஃபைட்டர் எழும்பவில்லை. இலைக்குக் கீழே சாய்ந்து கிடந்தான். கண்ணாடி காட்டினாலும் கவலையில்லை.

மாதா வருகிற நாள் வந்தது. பின்னேரம் மாமி மேசையைச் சரிபார்க்க வந்தார். மாதா வரும்போது மேசையில் வேறு சாமான் இருக்கக் கூடாது, தொட்டியைக் குசினிக்குக் கொண்டுபோகச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டேன்.

"மாமி, இப்ப அசைச்சா போயிருவான். இண்டைக்கு மட்டும் விடுங்க."

மாமி குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு தான் ஆசையாக அடுக்கி வைத்திருந்த பெரிய பூச்சாடியைத் தூக்கி நிலத்தில் வைத்தார்.

"அங்கயே இருக்கட்டும். மாதாவுக்கு இடம் காணும்."

தேத்தண்ணி நிறம் ஆட்களின் கண்ணில் படாமல் இருக்க, ஒரு லேஸ் சீலையால் தொட்டியை மூடிவிட்டேன்.

மாதாவைப் பாட்டோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டி தொட்டியோடு ஒட்டினாற்போல நின்றது. வீடு நிறைந்து வாசலிலும் ஆட்கள். மனைவி போனை மேசைக்கு எதிரே ஒரு கதிரையில் சாய்த்து வைத்தாள். கட்டாரிலிருந்து மச்சான், தலையை ஒழுங்காக வாரி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். செபமாலையை முன்னின்று சொல்கிறவர் அடுத்த ஒழுங்கை அக்கா. சத்தம் குறைந்தால் திரும்பிப் பார்ப்பார். நான் அன்று சொன்ன மாதிரி வாழ்நாளில் செபமாலை சொன்னதில்லை. மாதாவே, வீடியோ கட்டாகட்டும் என்பதுதான் என் மன்றாட்டு.

கட்டாகவில்லை. கடைசிப் பாட்டும் முடிந்து, எல்லாரும் கடலைத் தட்டைப் பார்க்கத் தொடங்கிய நேரம், போனிலிருந்து மச்சான் கூப்பிட்டான்.

"அத்தான், எங்க எண்ட ஆள்?"

எல்லாருக்கும் விஷயம் தெரியும், மச்சானைத் தவிர. மாமி செபமாலை மணியைத் திரும்ப உருட்டத் தொடங்கினார். மனைவி போனைத் தூக்கிக்கொண்டு கிட்ட வந்தாள். நான் லேஸ் சீலையை எடுத்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கலங்கிய தண்ணீர், ஒரு இலை. பெட்டியின் பல்பு வெளிச்சம் தொட்டிக்குள் விழுந்தது. இலைக்குக் கீழே அவன் கண் அசைந்தது. மெதுவாக வெளியே வந்தான். ஒருமுறை மேலே போய் மூச்செடுத்தான். திரும்பினான். மாதாவின் கண்ணாடிப் பெட்டியில், பல்பு வெளிச்சத்தில், நீல உடம்பும் சிவப்பு வாலுமாக இன்னொரு ஃபைட்டர் நிற்பதைக் கண்டான்.

செவுள் விரிந்தது. பிறகு முதுகுச் செட்டை, வயிற்றுச் செட்டை, கடைசியாக அந்த வால். ஓரம் பிய்ந்த வால்தான், ஆனால் முழுக்க விரித்தான். கண்ணாடிக்கு முன்னால் இடமும் வலமுமாக, கொடி பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி நடந்தான்.

அடுத்த ஒழுங்கை அக்கா நெஞ்சில் கைவைத்து முழங்காலில் நின்றுவிட்டார். "மாதாவப் பாத்து செட்டைய விரிச்சுக் கும்பிடுது," என்றார். அவருக்குப் பின்னால் வரிசையாக நாலைந்து பேர் முழங்காலில் நின்றார்கள். கடலைத் தட்டோடு நின்றவரும் தட்டோடு முழங்காலில் நின்றார்.

கும்பிடவில்லை. வெளியே வாடா பார்ப்போம் என்று கூப்பிட்டான். எனக்குத் தெரியும். ஆனால் ஒழுங்கை முழுக்க என் மீனுக்கு முன்னால் முழங்காலில் நிற்கும்போது அதைத் திருத்துவதற்கு எனக்கென்ன பைத்தியமா?

"அத்தான்," என்றான் மச்சான். "நான் விட்டுட்டு வந்ததவிட உசாரா இருக்கானே."

"மச்சான், சுகமில்லாம கிடந்தவன்," என்றேன். "இப்ப இந்த நிமிஷம்தான் எழும்பினான். வால் கொஞ்சம் பிஞ்சிருக்கு. வளரும்."

"நீங்க இருக்கக்குள்ள எனக்கென்ன பயம்," என்றான்.

இந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. நான் எல்லாருக்கும் கடலை எடுத்துக் கொடுக்கப் போனேன். பாண் கடைக்காரர் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு அம்மா தன் வீட்டு வாடிப்போன ரோசாச் செடியை நாளைக்குக் கொண்டுவந்து தரவா என்று கேட்டார். மணி பிளான்ட் கதை அவருக்குத் தெரியாது போல. கொண்டுவாங்க அம்மா, பார்ப்போம் என்றேன், டொக்டர் மாதிரி.

விடிய எழும்பி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஹோலில் மாமியின் சத்தம் கேட்டது. ஓடிப்போனேன். மாமி தொட்டிக்கு முன்னால் வெளிறிப்போய் நின்றார். தண்ணீரின் மேலே, கொட்டம்பா இலையின் ஓரத்தில், வெள்ளை வெள்ளையாக நுரை.

"இன்னும் சவுக்காரம் போகல்லையே," என்றார் மாமி. "அண்டைக்கு நான் எத்தின தரம் அலசினன்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பைப் தண்ணீர் மட்டும் இல்லை, சவுக்காரமும் போட்டுத் தேய்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. நேற்றுப் பூச்சாடி ஏன் நிலத்துக்கு இறங்கியது என்பதும் விளங்கியது. பின்னால் வந்து நின்ற மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்கு ஓடினாள்.

எனக்கு எத்தனையோ பகிடி வாய் வரைக்கும் வந்தது. மாமியின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"சவுக்காரம் இல்ல மாமி. அது அவன் கட்டின கூடு. ஆம்பிள ஃபைட்டர் வாயால காத்த ஊதி ஊதிக் கட்டும். நல்ல சுகமா, சந்தோசமா இருந்தாத்தான் கட்டும்."

மாமி திரும்பக் குனிந்து பார்த்தார். நுரைக்குக் கீழே ஃபைட்டர் வீட்டுக்காரன் மாதிரி நின்று, ஒரு குமிழியை ஊதி ஒட்டிவைத்தான். மாமியின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. பொம்பிளை இல்லாமலே வீடு கட்டுகிறானே என்றார். நான், சில பேர் பொம்பிளை வீட்டிலேயே போய் இருந்துகொள்வார்கள், இவன் ரோசக்காரன் என்றேன். மாமி சிரித்துவிட்டார். என் பகிடிக்கு அவர் சிரித்தது அதுதான் முதல்தரம்.

பிறகு விளக்குக்குப் பின்னால் இருந்த நெருப்புப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மருமகன், இனி விளக்க நீங்களே கொளுத்துங்க."

நான் ஷேர்ட் பொத்தானைப் பூட்டி, தலையைத் தடவி, ஒரு கலியாணத்துக்குப் போகிற ஆயத்தத்தோடு குச்சியை உரசினேன். மாமி ஜன்னல் சீலையை இழுத்துச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார். மனைவி குசினியிலிருந்து ஒரு வாளி தண்ணீரோடு வந்து நின்றாள். நம்பிக்கை வேறு, சீலை வேறு. ஆனால் திரி முதல் குச்சியிலேயே பிடித்தது; வேறு எதுவும் பிடிக்கவில்லை.

சுடர் எழும்பிய உடனே தொட்டிக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டது. ஃபைட்டர் கூட்டை விட்டு வெளியே வந்து, பிய்ந்த வாலை முழுக்க விரித்து ஒரு முறை முறைத்தான். அதைப் பார்த்துவிட்டு நானும் நெஞ்சை விரித்துக்கொண்டு ஒருகொடவத்தைக்குக் கயிறு கட்டப் போனேன்.